பத்து ஓட்டை சரியாக இருந்தால் போதுமா? கனரக லாரிக்கு மாற்று டிஸ்க் எடுப்பது பற்றி

கேள்வி இதுதான். பெங்களூரு யஷ்வந்த்பூர் ட்ரக் டெர்மினலில் நிற்கும் ஒரு பத்து சக்கர லாரி. பீன்யாவில் லோடு ஏற்றி ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் வழியாக நாமக்கல் வரை ஓட்டம். 10.00ஆர்20 டியூப் டயர். பின்னால் இரண்டு டிஸ்க்கில், அதாவது டயர் மாட்டும் இரும்புச் சக்கரத்தில், போல்ட் ஓட்டைப் பக்கம் விரிசல் விட்டிருக்கிறது. பழைய சாமான் கடையில் வேறொரு வண்டியில் கழற்றிய டிஸ்க் இருக்கிறது. "பத்து ஓட்டைதானே, அப்படியே உட்காரும்" என்கிறார் கடைக்காரர். அதை வாங்கலாமா, இல்லை இந்தச் சாக்கில் டியூப்லெஸுக்கே மாறிவிடலாமா?

விரிசல் விட்ட இரண்டையும் இன்றே கழற்றி ஓரம் வையுங்கள், வெல்டிங் வைக்கக் கொடுக்காதீர்கள். மாற்று டிஸ்க்கைப் பொறுத்தவரை கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அது உட்காரும், நட்டும் ஏறும். ஆனால் நட் ஏறிவிட்டால் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. ஓட்டைகளின் வட்டம், நடு ஓட்டை, நட் உட்காரும் இடத்தின் வடிவம், டயரை எவ்வளவு தூரம் தள்ளி நிறுத்துகிறது, எவ்வளவு எடை தாங்கும் என்று பார்க்க வேண்டியது நிறைய. இதில் ஒன்று தப்பினாலும் வண்டி ஓடும், சில ஆயிரம் கிலோமீட்டர் நன்றாகவே ஓடும். அதனால்தான் இது ஆபத்து.

முதலில் ஓட்டைகளின் வட்டம், அதாவது எல்லா ஓட்டைகளின் மையமும் அமையும் வட்டத்தின் விட்டம். பட்டறையில் பி.சி.டி. என்பார்கள். ஒரு ஓட்டையின் உள் விளிம்பிலிருந்து நேர் எதிர் ஓட்டையின் வெளி விளிம்பு வரை டேப் பிடித்தால் அந்த அளவு கிடைத்துவிடும். கனரக லாரிகளில் அதிகம் பார்ப்பது 10 ஓட்டை, 335 மில்லிமீட்டர். கொஞ்சம் சின்ன வண்டிகளில் 8 ஓட்டை, 275. வெளிநாட்டு அளவில் வரும் டிஸ்க்குகளில் 10 ஓட்டை 285.75 உண்டு, 8 ஓட்டை 285 உண்டு. 335-க்கும் 285.75-க்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், யாரும் ஏமாற மாட்டார்கள். ஏமாறுவது 275-க்கும் 285-க்கும் நடுவில்தான். ஸ்டட் (நட் ஏறும் போல்ட்) ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். சுத்தியலால் தட்டி ஏற்றிவிடலாம் என்று தோன்றும். தட்டி ஏற்ற வேண்டிய டிஸ்க் எதுவும் உங்கள் வண்டிக்கான டிஸ்க் இல்லை.

நடு ஓட்டை, 10 ஓட்டை 335 டிஸ்க்கில் 281 மில்லிமீட்டர் இருக்கும். 8 ஓட்டை 275-இல் 221. இந்த அளவு எதற்கு என்று தெரிந்துகொண்டால்தான் அடுத்தது புரியும். நான் மிக முக்கியம் என்று நினைப்பது அந்த அடுத்த விஷயத்தைத்தான்.

டிஸ்க்கை ஹப்பின், அதாவது அச்சு முனையில் சக்கரம் மாட்டும் பாகத்தின், நடுவில் சரியாக நிறுத்த இரண்டு முறை உண்டு. ஒன்றில் ஹப்பே அந்த வேலையைச் செய்யும். ஹப்பில் இருக்கும் மேட்டில் 281 ஓட்டை இடைவெளியே இல்லாத மாதிரி போய் அமரும். ஸ்டட்டுக்கும் நட்டுக்கும் இருக்கும் ஒரே வேலை இறுக்கிப் பிடிப்பது. இந்த முறையில் நட்டின் அடி தட்டையாக இருக்கும், அதோடு சேர்ந்து தனியாகச் சுழலும் ஒரு வாஷர் இருக்கும். டிஸ்க்கில் போல்ட் ஓட்டையும் நேராக, விளிம்பு சரிவில்லாமல் இருக்கும். இன்னொரு முறையில் ஸ்டட்டுகள்தான் டிஸ்க்கை நடுவில் நிறுத்தும். அதற்காக ஒவ்வொரு ஓட்டையின் வாயும் கிண்ணம் போலக் குழிந்தோ கூம்பாகச் சரிந்தோ இருக்கும், நட்டின் அடியும் அதே உருவில் உருண்டு அல்லது சரிந்து இருக்கும். பழைய வண்டிகளில் இது அதிகம். சிலவற்றில் இடப் பக்கச் சக்கர ஸ்டட்டுகளுக்கு இடது மரை கூட இருக்கும். கிளீனர் பையன் புதியவனாக இருந்தால் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பான்.

சிக்கல் இங்கேதான். இரண்டு முறையிலும் 10 ஓட்டை, 335, 281 என்று ஒரே அளவில் டிஸ்க் வருகிறது. டேப் பிடித்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஓட்டையின் வாயை விரலால் தடவிப் பார்த்தால்தான் தெரியும். குழிந்த வாய் உள்ள டிஸ்க்கில் தட்டை நட் போட்டால், அந்த நட்டுக்கு முழு முகம் கிடைக்காது; குழியின் வெளி விளிம்பில் மெல்லிய வளையமாக மட்டும் ஒட்டும். லோடு ஏறி, பிரேக் பிடித்து, மேடு பள்ளத்தில் குதிக்கும்போது அந்த விளிம்பு நசுங்கி, இறுக்கம் விட்டுப்போகும். மாறாக, நேரான ஓட்டையில் உருண்ட நட்டைப் போட்டால் ஓட்டையின் விளிம்பு ஒரு கோட்டில் முழு அழுத்தத்தையும் வாங்கும், விரிசல் அங்கிருந்தே கிளம்பும். உங்கள் வண்டியில் இரண்டு டிஸ்க்கும் போல்ட் ஓட்டைப் பக்கமே விரிசல் விட்டிருக்கிறது என்பதால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். முன்பு யாராவது நட்டை மாற்றியிருக்கிறார்களா, எல்லா நட்டும் ஒரே வகையா, நட் தளர்ந்த அடையாளமாக ஓட்டையைச் சுற்றித் துருக்கோடு வடிந்திருக்கிறதா என்று பாருங்கள். காரணத்தைத் தேடாமல் புது டிஸ்க் போட்டால் அதுவும் இதே இடத்தில்தான் விரியும்.

ஆகவே கடைக்குப் போகும்போது பழைய நட் ஒன்றையும் கையில் எடுத்துப் போங்கள். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் புது டிஸ்க் கேட்டாலும் சரி, பழைய சாமான் கடையில் கேட்டாலும் சரி, ஓட்டையின் வாயில் அந்த நட்டை வைத்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

அடுத்தது ஆஃப்செட். பின் அச்சில் உள் டிஸ்க்கும் வெளி டிஸ்க்கும் முகத்தோடு முகம் சேர்ந்து நிற்கின்றன. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அந்தச் சேரும் முகம் வரை உள்ள தூரம்தான் ஆஃப்செட். அதன் இரண்டு மடங்குதான் ஜோடி டயர்களின் நடுவுக்கு நடு இடைவெளி. 8.25 × 22.5 அங்குல டிஸ்க் ஒன்றில் ஆஃப்செட் 168 மில்லிமீட்டர் என்றால் இடைவெளி 336. அதில் 295 மில்லிமீட்டர் அகல டயர் ஜோடியாக நின்றால் இரண்டு டயரின் பக்கச் சுவர்களுக்கு இடையே 40 மில்லிமீட்டர் போல மிஞ்சும். லோடு ஏறினால் டயர் பிதுங்கி அது இன்னும் குறையும். ஆஃப்செட் 10 மில்லிமீட்டர் குறைவான டிஸ்க் இரண்டைப் போட்டால் இந்த 40-இல் பாதி போய்விடும். காற்று போக வழியில்லாமல் டயர் சூடேறும், கல் சிக்கும், காற்று குறைந்த நாளில் இரண்டும் உரசிக் கிழியும். அதிக ஆஃப்செட் இருந்தாலும் நல்லதில்லை: உள் டயர் ஸ்பிரிங் பக்கமோ சேஸிஸ் பக்கமோ நெருங்கும், வெளி டயர் பாடிக்கு வெளியே எட்டிப் பார்க்கும், பேரிங்கும் தப்பான இடத்தில் பாரம் வாங்கும்.

இதை அளக்க எளிய வழி உண்டு. டயர் இல்லாத டிஸ்க்கை, துருத்திய முகம் கீழே இருக்கும்படி சமதளத்தில் படுக்க வையுங்கள். தரையிலிருந்து ரிம்மின் கீழ் விளிம்பு வரை ஒரு அளவு, மேல் விளிம்பு வரை ஒரு அளவு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அதுவே ஆஃப்செட். கீழே 50, மேலே 286 வந்தால் 168. உங்கள் வண்டியின் நல்ல டிஸ்க் ஒன்றையும் கடையில் இருப்பதையும் இப்படி அளந்து ஒப்பிட்டால், எந்தக் கம்பெனி சரக்கு என்ற விவாதமே தேவைப்படாது.

ரிம் அகலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 9.00-20 டயருக்கு வழக்கமான ரிம் 7.0 அங்குலம், 10.00-20க்கு 7.5, 11.00-20க்கு 8.0. கடையில் 9.00 டயர் போட்டு ஓடிய 7.0 டிஸ்க் மலிவாகக் கிடைக்கும். உங்கள் டயர் அதில் ஏறும். ஆனால் மற்ற சக்கரங்களில் 7.5 இருக்கும்போது இரண்டில் மட்டும் 7.0 போட்டால் டயரின் உருவமே கொஞ்சம் மாறும், தேய்மானம் ஒரே மாதிரி இருக்காது. ஜோடி டயர்களின் விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டாலே பெரிய டயர் தன் பங்கை விட அதிகம் சுமக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடை விஷயத்தில் நம்மவர்கள் நிறையப் பேர் தலைகீழாக யோசிக்கிறார்கள். பத்து சக்கர வண்டி பெரிய வண்டி, அதனால் அதன் பின் டிஸ்க்குக்குத்தான் அதிகச் சுமை என்று நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 2018-இல் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியபோது நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. இரட்டை அச்சுக்கு 19 டன் 21 டன் ஆனது. பத்து சக்கர வண்டியில் பின்னால் எட்டு டிஸ்க்: 21 டன்னை எட்டால் வகுத்தால் 2,625 கிலோ. ஆறு சக்கர வண்டியில் பின்னால் நான்கே டிஸ்க்: 11.5 டன்னை நான்கால் வகுத்தால் 2,875 கிலோ. சின்ன வண்டியின் டிஸ்க்தான் அதிகம் சுமக்கிறது. இதையெல்லாம் விட அதிகம் சுமப்பது முன் டிஸ்க். பழைய 6 டன் வரம்பிலேயே ஒரு பக்கத்துக்கு 3,000 கிலோ. இப்போது அதற்கும் மேல். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்து இன்னும் கூடும்.

டயருக்கும் இதே கணக்கு உண்டு. பக்கச் சுவரில் சுமைக் குறியீடு 146/143 என்று இருந்தால் ஒற்றையாக 3,000 கிலோ, ஜோடியில் 2,725 கிலோ. பத்து சக்கர வண்டியின் பின்னால் இது போதும். ஆறு சக்கர வண்டியில் 11.5 டன் அச்சுக்குப் போதாது. டிஸ்க்கில் அதன் எடைத் திறன் கிலோவில் முத்திரை குத்தியிருக்கும், ரிம் அளவும் தயாரித்த மாதமும் அருகிலேயே இருக்கும். முத்திரை தேய்ந்துபோய்ப் படிக்க முடியாத டிஸ்க்கை, எவ்வளவு புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும், நான் வாங்க மாட்டேன். புதிதாக வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சென்னைப் பாடியில் வீல்ஸ் இந்தியா பல பத்தாண்டுகளாக லாரி டிஸ்க் செய்கிறது, வடக்கே ஸ்டீல் ஸ்ட்ரிப்ஸ் செய்கிறது. சரக்குக்குப் பஞ்சம் இல்லை.

பழையது வாங்கவே கூடாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். முன் அச்சுக்குக் கூடாது, அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. அங்கே துணைக்கு இன்னொரு டயர் கிடையாது, ஸ்டீயரிங்கும் அதில்தான் இருக்கிறது. பின்னால் போட வாங்குவதாக இருந்தால் சோதித்து வாங்குங்கள். பெயின்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடை. சுத்தம் செய்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, சில நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து பொடியில் கருங்கோடாகத் தெரியும். பார்க்க வேண்டிய இடங்கள்: ஒரு போல்ட் ஓட்டைக்கும் அடுத்ததுக்கும் நடுவில், கை ஓட்டைகளின் (டிஸ்க்கில் இருக்கும் பெரிய ஓட்டைகள்) ஓரம், டிஸ்க்கும் ரிம்மும் சேரும் வெல்டிங், டயரை ரிம்மில் பூட்டி நிறுத்தும் லாக் ரிங் உட்காரும் பள்ளம். சுத்தியலால் தட்டி ஒலி கேட்பது எல்லா விரிசலையும் காட்டாது. போல்ட் ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால் விரிசலே இல்லாவிட்டாலும் வேண்டாம். ஏற்கெனவே வெல்டிங் வைத்த தடம் இருந்தாலும் வேண்டாம்.

லாக் ரிங் பற்றி ஒரு வார்த்தை, இது உயிர் சம்பந்தப்பட்டது. டியூப் டயர் டிஸ்க்கில் ரிங் அந்தந்த ரிம்முக்கென்றே செய்தது. ஒரு கம்பெனி ரிம்மில் இன்னொன்றின் ரிங் கண்ணுக்குச் சரியாக உட்கார்ந்த மாதிரி தெரியும், 100 பி.எஸ்.ஐ. தாண்டியதும் தெறித்து வரும். டிஸ்க் வாங்கும்போது ரிங்கோடு சேர்த்தே வாங்குங்கள். காற்று அடிக்கும்போது பாதுகாப்புக் கூண்டுக்குள் வைத்து அடிக்கட்டும். காற்று ஏறிய பிறகு ரிங்கைச் சுத்தியலால் தட்டி உட்கார வைக்கும் பழக்கத்தை உங்கள் கண்முன் யாரும் செய்ய விடாதீர்கள். அப்புறம், இப்போது விரிசல் விட்டிருக்கும் அந்த இரண்டு டிஸ்க்கைக் கழற்றும்போது நட்டில் கை வைப்பதற்கு முன் வால்வு ஊசியை எடுத்து உள் டயர், வெளி டயர் இரண்டின் காற்றையும் முழுக்க இறக்கிவிட வேண்டும். விரிசல் விட்ட ரிம்மை அதுவரை சேர்த்துப் பிடித்திருப்பது அந்த நட்டுகளாகவே இருக்கலாம். டயர் மாட்டியபடியே ரிம்மில் வெல்டிங் வைப்பது இன்னும் மோசம். சூட்டில் டயருக்குள் வாயு உண்டாகி வெடிக்கும், காற்று இறக்கியிருந்தாலும் வெடிக்கும்.

சரி, டியூப்லெஸ். நல்ல யோசனைதான், ஆனால் அரைகுறையாகச் செய்யக் கூடாது. 20 அங்குல டிஸ்க்கில் 22.5 டயர் ஏறாது, 22.5 டிஸ்க்கில் உங்கள் 10.00ஆர்20 ஏறாது. ஆகவே டிஸ்க், டயர் இரண்டும் மாற வேண்டும். உயரத்தில் பெரிய வித்தியாசம் வராது: 10.00ஆர்20 டயரின் விட்டம் சுமார் 1,054 மில்லிமீட்டர், 295/80ஆர்22.5 டயருடையது சுமார் 1,044. 22.5 ரிம்மின் நடுப்பள்ளம் உள்ளே இறங்கியிருப்பதால் பிரேக் ட்ரம்முக்கு இடம் பழையபடியே கிடைக்கும் என்பது பொது விதி. ஆனாலும் முதலில் ஒரே ஒரு வெறும் டிஸ்க்கைக் கடன் வாங்கி, டயர் இல்லாமல் முன்னும் பின்னும் மாட்டி, கையால் முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ட்ரம்மிலோ வால்விலோ எங்கும் உரசக் கூடாது. லாபம் உண்மையானது. டியூப், அதற்கும் ரிம்முக்கும் நடுவில் போடும் ஃப்ளாப், ரிங் எல்லாம் போய்விடும், எடை குறையும், ஆணி ஏறினால் டயர் ஒரேயடியாக உட்காராமல் மெதுவாக இறங்கும். ரிங் தெறிக்கும் பயம் அடியோடு ஒழியும், எனக்கு இதுவே பெரிய காரணம்.

உங்கள் நிலைமையில் இரண்டு டிஸ்க்கை மட்டும் மாற்றிவிட்டு, மற்ற டயர்கள் தேயும் வரை டியூப் டயரிலேயே ஓட்டுவது நல்லது. எல்லா டயரும் மாற்றும் காலம் வரும்போது மொத்தமாக மாறுங்கள். பாதி 20, பாதி 22.5 என்று ஓட்டினால் எந்த ஸ்டெப்னி எங்கே போகும் என்பதே நடுராத்திரிப் பிரச்சினையாகிவிடும். மாறுவதற்கு முன் உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளரே 22.5 அளவு கொடுத்திருக்கிறாரா என்று டீலரிடம் கேளுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, நிற்கும்போது இந்தப் பேச்சு வரக் கூடாது.

அலுமினியம் டிஸ்க்கும் சிலர் சொல்வார்கள். எடை ஏறக்குறைய பாதியாகும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அலுமினிய டிஸ்க்கின் முகம் இரும்பைவிட இரு மடங்கு போலத் தடிமன். பின்னால் இரண்டு சேரும்போது உங்கள் ஸ்டட் நீளம் போதாது, நட் சில மரையிலேயே தொங்கும். நீள ஸ்டட் போடாமல் அலுமினியம் வேண்டாம். நம் ஊர் லோடுக்கும் சாலைக்கும் இரும்பே போதும்.

கடைசியாக மாட்டும் விதம். டிஸ்க்கும் ஹப்பும் சேரும் முகங்களில் தடித்த பெயின்ட், துரு, மண் எதுவும் இருக்கக் கூடாது. பெயின்ட் அடுக்கு ஓட்டத்தில் நசுங்கி இறங்கும்போது நட் தானாகத் தளர்ந்துவிடும். எதிரெதிர் நட்டாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். தட்டை நட் உள்ள 22 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்குத் தேவை சுமார் 600 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கும் எண்தான் கடைசி வார்த்தை. இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச் இல்லாவிட்டால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்: ஒரு மீட்டர் பைப்பின் முனையில் 60 கிலோ எடை கொடுத்தால் ஏறக்குறைய அவ்வளவு. ஒன்றரை மீட்டர் பைப்பில் 80 கிலோ ஆள் ஏறி நின்று குதித்தால் அதன் இரு மடங்கைத் தாண்டிப் போகும், ஸ்டட் இழுபட்டு நீண்டுவிடும். அப்படி நீண்ட ஸ்டட் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. விரிசல் விட்ட டிஸ்க் இருந்த இடத்து ஸ்டட்டுகளை இந்தக் கண்ணோடு பாருங்கள், மரை இழுபட்டிருந்தால் டிஸ்க்கோடு அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

புது டிஸ்க் மாட்டிய முதல் ஓட்டத்தில் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் எல்லா நட்டையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். உங்கள் தடத்தில் கிருஷ்ணகிரி வந்துவிடும். அங்கே டீக்கு நிறுத்தும்போதே வீல் ஸ்பேனரை எடுத்துவிடுங்கள், தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் செய்தாக வேண்டிய வேலை அது. ஸ்டெப்னி டிஸ்க்கின் ஓட்டை வாயையும் ஆஃப்செட்டையும் இதே கையோடு பார்த்துவையுங்கள். பல வண்டிகளில் பொருந்தாத டிஸ்க் ஒளிந்திருப்பது அங்கேதான்.